கட்டடம் வரும்வரை

திண்டிவனத்தில் மாலைநேரப் பட்டப்படிப்பு மையம் ஒன்று வரப்போகிறது என்ற செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் கணவர். மல்லாட்டைக் கடலை மூட்டைகளை விற்பனைக்கூடத்தில் இறக்கிவிட்டு எடைக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டே, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப்போல அதையும் சொன்னார். வேலைக்குப் போகிறவர்களுக்கும் சின்ன வயதில் படிப்பை விட்டவர்களுக்கும் சாயங்கால வகுப்பாம். அரசாங்கமே நடத்துகிறதாம். கட்டணம் கிடையாதாம்.

நான் குழம்பை ஊற்றிவிட்டு, சேரட்டுமா என்று கேட்டேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "சேர்ந்து இன்னா பண்ணப்போற?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, சேர்ந்து பார்க்கிறேன் என்றேன்.

பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான். பிளஸ் டூ முடித்த வருஷமே கல்யாணமாகிவிட்டது. மதிய உணவு முடிந்து, பாத்திரம் கழுவி, எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று போனில் பதிவேற்றிவிட்டால் மூன்று மணிக்கு மேல் வேலை கிடையாது. மகள் வெளியூரில் விடுதியில் இருந்தாள். பிற்பகல் முழுக்க வீடு சும்மா கிடந்தது.

சேர்க்கைக்குப் போன அன்று, மையம் நடக்கவிருந்த பள்ளிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில்தான் என் சிநேகிதியை முதல்முறை பார்த்தேன். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, புருவத்தில் சிமென்ட் தூள். கட்டட வேலைக்குப் போகிற சித்தாள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஜெராக்ஸ் எடுக்க வந்திருக்கிறாள், பிள்ளையின் சான்றிதழாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பி, "அக்கா, பேனா இருந்தா குடுங்க. சைட்லேர்ந்து நேரா வந்துக்கினு இருக்கேன், எடுத்துக்கினு வரல," என்றாள். பேனாவைக் கொடுத்தேன். அவள் நிரப்பியது பி.ஏ. பொருளியல் விண்ணப்பம். அந்தப் பேனாவை எனக்குத் திருப்பித் தரவேயில்லை. அடுத்த இரண்டு வருஷத்தில் என்னிடம் அவள் வாங்கித் தொலைத்த பேனாக்களில் அது முதலாவது.

எங்கள் ஊருக்கு ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கினால் அவள் இருக்கும் காலனி. மாதா கோயில் தெரு. அத்தனை காலம் அதே பஸ்ஸில் போய் வந்திருக்கிறோம், ஒருவரையொருவர் பார்த்ததாக இருவருக்குமே ஞாபகம் இல்லை. முதல் சில வாரங்கள் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருவாள், திரும்பும்போது பஸ்ஸில் மட்டும் பின்னால் போய் நின்றுகொள்வாள். பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர்கள் இருப்பார்கள். ஒரு நாள் பக்கத்தில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு வழி முழுக்க அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. மறுநாளிலிருந்து பேச்சு நிற்கவேயில்லை.

என்னைப்போல சும்மா பார்க்கலாம் என்று வந்தவள் இல்லை அவள். ஒன்பதாவதில் நின்று, கல்யாணத்துக்குப் பிறகு தனித்தேர்வராகப் பத்தும் பிளஸ் டூவும் எழுதித் தேறியிருந்தாள். காலனியில் மகளிர் குழுவைத் தொடங்கி நடத்தியவள். வங்கிக்குப் போவது, பயிற்சிக்கு ஆள் சேர்ப்பது, அதிகாரிகள் வந்தால் எழுந்து நின்று பேசுவது எல்லாம் அவள்தான். குழுக்களுக்கான வட்டார ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு ஆள் எடுத்தபோது, அந்த அதிகாரிகளே அவளை விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு பட்டப்படிப்பு இல்லை என்று திருப்பிவிட்டார்கள்.

"அந்த மேடம் நல்லவங்கதான். நீ பேசறது நல்லாதான் இருக்கு, டிகிரி இல்லியேம்மான்னு சொன்னாங்க. சரி, அதானே வேணும், எடுத்துக்கினு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்," என்றாள் என்னிடம்.

வயது வரம்பு தாண்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு. மூன்று வருஷப் படிப்பு சரியாக முடிந்தால் எட்டிப் பிடித்துவிடலாம்.

மையத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பகலில் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் அறைகளில் சாயங்காலம் நாங்கள் உட்கார்ந்தோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சு. முழங்கால் உள்ளே போகாது. பஸ் கண்டக்டர், ரைஸ் மில் கணக்குப்பிள்ளை, கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த பெண் என எல்லாரும் ஒருக்களித்து உட்கார்ந்துதான் பாடம் கேட்டோம். கரும்பலகையின் ஓரத்தில் பகல் வகுப்பின் ஆத்திசூடியோ பெருக்கல் வாய்ப்பாடோ இருக்கும். அதை அழிக்கக்கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். மீதி இடத்தில்தான் எங்களுக்குப் பொருளாதாரம்.

எங்களுக்கு முக்கியமாகப் பாடம் எடுத்தவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். கோலியனூர்க்காரர். எங்களில் பாதிப் பேரைவிட வயதில் சின்னவர். பகலில் வேறொரு கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, பஸ் பிடித்துச் சாயங்காலம் எங்களிடம் வருவார். மே மாதம் அவருக்குச் சம்பளம் கிடையாது. அந்த மாதம் அவர் என்ன செய்வார் என்று ஒருமுறை கேட்டோம். மாமனார் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிச் சிரித்தார். எங்களை எல்லாம் "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்றுதான் கூப்பிடுவார். கண்டக்டரைக்கூட ஒருமுறை வாய்தவறி அம்மா என்று கூப்பிட்டுவிட்டார்.

என் சிநேகிதி முதல் வகுப்பில் தூங்கிவிடுவாள். காலையிலிருந்து கலவைச் சட்டி சுமந்த உடம்பு, உட்கார இடம் கிடைத்ததும் சாய்ந்துவிடும். அவர் எழுப்ப மாட்டார், எங்களையும் எழுப்ப விட மாட்டார். இரண்டாவது வகுப்பில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள் என்றால் கேள்விதான். புள்ளியியல் மட்டும் அவளுக்குப் பிடிபடவேயில்லை. திட்டவிலக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் வாடிவிடும். முதல் பருவத்தில் அதில் தோற்றாள். என் பள்ளிச் சமையலறைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்கத்தான் எனக்கே புரிந்தது. இருவரும் அடித்துக்கொள்வோம். ஒருநாள் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் நடக்காததுபோல, கேப்பை அடை சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். மறுதேர்வில் தேறினாள். நான் தேறியதைவிட அதுதான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

என் கணவருக்கும் அவளைப் பிடித்துப்போனது. வீட்டுக்கு முதல்முறை வந்தபோது கேட்டருகே நின்றுகொண்டே பேசினாள். அவர் நாற்காலியை வெளியே கொண்டுபோய்க் கேட்டருகே போடாமல் கூடத்தில் போட்டு, "உள்ள வாம்மா, வெயில்ல நின்னுக்கினு," என்றார். எதிர்வீட்டில் அதைப் பற்றிச் சில நாள் பேசினார்கள். அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டாம் ஆண்டின் நடுவில் ஒரு நாள் விரிவுரையாளர் வகுப்புக்குள் வந்து, பாடத்தைத் தொடங்காமல் மேசையோரத்தில் நின்றார். நல்ல செய்தி ஒன்று, இன்னொரு செய்தி ஒன்று என்றார். நல்ல செய்தி, எங்கள் மையத்துக்குச் சொந்தமாகக் கட்டடம் கட்ட அரசாங்கம் நிதி ஒதுக்கிவிட்டது. மரக்காணம் சாலையில் இடம்கூடப் பார்த்தாகிவிட்டது. நாங்கள் கைதட்டினோம். ரைஸ் மில்காரர் எழுந்து நின்றே தட்டினார். தட்டி முடிந்ததும் விரிவுரையாளர் அடுத்ததைச் சொன்னார். கட்டடம் வரும்வரை திண்டிவனத்தில் வகுப்பு இல்லை. எங்களை விழுப்புரத்தில் இருக்கும் மையத்தோடு சேர்த்துவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து வகுப்பு அங்கேதான்.

புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. இருக்கிற அறையிலேயே உட்கார்ந்துகொள்கிறோமே, கட்டடம் எப்போது வேண்டுமானாலும் வரட்டுமே என்று கண்டக்டர் கேட்டார். தனக்கு அதெல்லாம் தெரியாது, ஆணை அப்படித்தான் வந்திருக்கிறது என்றார் விரிவுரையாளர். அவருக்கு விழுப்புரம் வசதிதான், கோலியனூரிலிருந்து பக்கம். அந்த வசதியை நினைத்து அவரே கூசியதைப்போல இருந்தது அவர் முகம்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் மொபசல் பஸ்ஸில் ஒரு மணி நேரம். எங்கள் ஊரிலிருந்து திண்டிவனத்துக்கே முக்கால் மணி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மொபசல் பஸ்ஸில் உண்டு. தவிர, விழுப்புரத்தில் வகுப்பு முடிந்து வந்தால் எங்கள் ஊர்ப் பக்கம் போகிற கடைசி பஸ் கிடைக்காது.

நாங்கள் சிலர் ஒரு திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எடுத்துக்கொண்டு போனோம். அவள் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மேலே போடும் வேலைச் சட்டை இல்லாமல், கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் வந்திருந்தாள். மனுவை வாங்கிக்கொண்டு எங்களை இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து மாடியில் ஓர் அறைக்கு. அங்கே இருந்த அதிகாரி எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். எரிந்து விழுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தோம். அவர் பொறுமையாகக் கேட்டது எங்களுக்குப் பெரிய நம்பிக்கையாக இருந்தது.

அவர் விளக்கியதும் தெளிவாகவே இருந்தது. கட்டடத்துக்கான பணம் ஒரு தலைப்பில் வருகிறது. வகுப்பு நடத்துகிற செலவு, ஆசிரியர்களின் ஊதியம் எல்லாம் இன்னொரு தலைப்பு. இந்த ஆண்டு முதல் தலைப்பில் நிறையக் கிடைத்திருக்கிறது, இரண்டாவதில் குறைத்துவிட்டார்கள். குறைந்த பணத்தில் இரண்டு மையங்களை ஓட்ட முடியாது, அதனால் ஒன்றாக்கிவிட்டார்கள். நாங்கள் போன பருவத்தில் படித்த பாடமே அதுதான். தேர்வில் அதற்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

அவள் கேட்டாள். "அந்தப் பணத்துல கொஞ்சம் எடுத்து இதுக்குக் குடுக்கக் கூடாதா சார்? பில்டிங்க ஒரு வருஷம் கழிச்சிக் கட்டட்டும்."

"அப்படி மாத்த முடியாதும்மா. கட்டடத்துக்குன்னு வந்தத கட்டடத்துக்குத்தான் செலவு பண்ணணும். செலவு பண்ணலன்னா திரும்பிப் போயிடும்."

"கட்டடம் வரவரைக்கும் நாங்க இருக்கணுமே சார்."

அவர் மனுவை மறுபடி எடுத்துப் பார்த்தார். நல்ல மனிதர். விழுப்புரத்துக்கு வந்து படிக்கச் சொன்னார், கொஞ்ச நாள் கஷ்டம்தான், கட்டடம் முடிந்ததும் திண்டிவனத்துக்கே மாற்றிவிடுவோம் என்றார். மனுவின் மேல் ஏதோ எழுதி, மேலே அனுப்பிவைப்பதாகச் சொன்னார். அனுப்பியும் இருப்பார். எங்களுக்கு அதற்குப் பதில் வரவில்லை.

வகுப்பில் பாதிக்கு மேல் நின்றுவிட்டார்கள். கைக்குழந்தைக்காரி அந்த வாரமே நின்றாள். ரைஸ் மில்காரர் ஒரு மாதம் வந்தார். எனக்கு விழுப்புரத்தில் நாத்தனார் வீடு இருந்தது. வகுப்பு இருக்கும் நாட்களில் அங்கேயே படுத்துக்கொண்டு, காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துச் சமையலுக்கு வந்துவிடுவேன். என் கணவர் தானே ஆக்கித் தின்னப் பழகிக்கொண்டார். அவர் தங்கையும் முகம் சுளிக்காமல் எனக்குச் சோறு எடுத்துவைத்தாள். என்னோடு இன்னொரு பெண்ணும் தங்கிக்கொள்ளலாமா என்று நான் கேட்டபோது, யார், எந்தத் தெரு என்று கேட்டாள். சொன்னேன். வீடு சின்னதாக இருக்கிறதே அண்ணி என்றாள். மூன்று அறையும் மாடியும் உள்ள வீடு அது. நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். அவள் சண்டை போடவில்லை. வீடு சின்னது என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். என் கணவரும் போனில் பேசினார். அவரிடமும் அதையே சொன்னாள்.

நான் இதை என் சிநேகிதியிடம் சொல்லவில்லை. இடம் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவளும் கேட்கவில்லை. எந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்.

அவள் மூன்று மாதம்போல முயன்றாள். சைட்டிலிருந்து அரை நாளில் கிளம்பி விழுப்புரம் வந்து, வகுப்பு முடியும் முன்பே எழுந்து பஸ்ஸுக்கு ஓடுவாள். திண்டிவனத்தில் இறங்கினால் அவள் கணவர் சைக்கிளோடு நிற்பார். பெயிண்ட் வேலை செய்கிறவர், அவருக்கும் பகலெல்லாம் வேலை. அவளைப் பின்னால் உட்காரவைத்து மரக்காணம் சாலையில் அத்தனை தூரம் மிதிப்பார். அவள் ஒருநாள்கூட அதைக் குறையாகச் சொன்னதில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொண்டு போவதாகச் சிரிப்பாள்.

ஒரு பிற்பகல் திண்டிவனம் பஸ் நிலையத்தில், விழுப்புரம் பஸ்ஸில் ஏறப் போனேன். அவள் பழம் விற்கிற வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். புத்தகப் பை இல்லை.

"அக்கா, நான் இனிமே வரல."

என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அரைநாள் ஆளு வேணாம்னுட்டாரு மேஸ்திரி. அவர சொல்லிக் குத்தமில்ல, கான்கிரீட் போடற அன்னிக்கு நடுவுல எறங்கிப் போனா யாரு சட்டி தூக்கறது. சாரும் அட்டெண்டன்ஸ் பத்தலன்னு சொல்லிட்டாரு."

ஒரு பருவம் விட்டுவிட்டு அடுத்த பருவம் சேர்ந்துகொள்ளலாம், எழுதிக் கேட்கலாம், நான் விரிவுரையாளரிடம் பேசுகிறேன் என்று ஏதேதோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டேயிருந்தாள். விழுப்புரம் பஸ்ஸின் கண்டக்டர் விசில் ஊதினார்.

"நீங்க ஏறுங்க. பஸ் எடுத்துடப்போறான். பில்டிங் வந்ததும் நான் வந்து சேந்துக்கறேன். அதுக்குள்ள நீங்க பாஸ் பண்ணிட்டு எனக்குச் சொல்லிக் குடுங்க."

நான் ஏறினேன். பஸ் திரும்பும்போது பார்த்தேன். அவள் பழவண்டிக்காரரிடம் ஏதோ பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு விழுப்புரம் வகுப்புக்கு நான் தனியாகப் போய் வந்தேன். படிப்பில் அதுவரை இருந்த ருசி போய்விட்டது. கேள்வி கேட்க ஆள் இல்லாத வகுப்பில் விரிவுரையாளரும் சீக்கிரமாகப் பாடத்தை முடித்துவிடுவார். பாதியில் விட்டால் வீட்டில் எல்லாருக்கும் கொடுத்த சிரமம் வீண் என்பதற்காகத்தான் பெரும்பாலும் போனேன்.

மரக்காணம் சாலையில் கட்டடம் எழத் தொடங்கியது. பஸ்ஸிலிருந்து தெரியும். முதலில் கம்பிகள், பிறகு தூண்கள், சென்ட்ரிங் பலகைகள். ஒரு நாள் முதல் தளத்தில் வரிசையாகச் சட்டி மாற்றிக்கொண்டிருந்த பெண்களில், ஆண்கள் சட்டைக்கு மேல் பச்சைத் துண்டு கட்டிய ஒருத்தியைப் பார்த்ததும் எழுந்து, நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். அவள்தான். ஒப்பந்தக்காரருக்கு உள்ளூர் ஆட்கள் தேவைப்பட்டிருக்கிறார்கள், மேஸ்திரி தன் ஆட்களை அங்கே கொண்டுவந்திருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் வேலையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள். நான் என்ன நினைத்து வருத்தப்பட்டேனோ அதில் ஒன்றும் அவள் முகத்தில் இல்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். பூசாத சுவர்களுக்கு நடுவே ஒவ்வோர் அறையாகக் காட்டினாள்.

"இது கிளாஸ் ரூம்பு. இதுவும் கிளாஸ் ரூம்பு. அந்தாண்ட இருக்கறது லைப்ரரியாம். பெஞ்சு பெரிய ஆளு உக்கார்ற மாதிரி போடுவாங்களான்னு இன்ஜினியரக் கேட்டேன். அது அவரு வேல இல்லியாம்."

ஜன்னல் வரும் இடத்தில் நின்று வெளியே காட்டினாள். பஸ் நிறுத்தம் எதிரிலேயே வரும் என்றாள். சைட் எங்கே இருந்தாலும் இங்கே வந்து இறங்கிவிடலாம். விட்ட இடத்திலிருந்து சேர்த்துக்கொள்வார்களாம், கேட்டுவிட்டாளாம். அந்தக் கட்டடத்தில் அவள் வேலை செய்த மாதங்களில்தான் அவளை நான் மிகவும் உற்சாகமாகப் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தால் அந்த உற்சாகத்தைத்தான் தாங்க முடியவில்லை.

கட்டடம் நல்லபடியாக முடிந்தது. திறப்பு விழாவும் நடந்தது. வாழைமரம் கட்டி, மேளம் வைத்து, நிறையக் கார்கள் வந்தன. சாமியானாவில் நாங்கள் இருவரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பேசியவர்கள் எல்லாரும் உழைக்கும் மக்களின் உயர்கல்வி என்றார்கள். சேர்க்கை எப்போது என்று யாரும் சொல்லவில்லை. மறுவாரம் அவள் போய்ப் பார்த்தாள். கதவில் பூட்டு. காவலுக்கு இருந்தவர், ஆசிரியர்கள் பணியிடத்துக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். அடுத்த மாதமும் போனாள். அதற்கடுத்த மாதமும் போனாள். நடுவில் ஏதோ பயிற்சி முகாமுக்காக ஒரு வாரம் திறந்தார்கள். தேர்தல் நேரத்தில் சாமான்கள் வைத்தார்கள். விளக்கெரிவதைப் பார்த்து வகுப்பென்று நினைத்து ஒருமுறை பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய்த் திரும்பியிருக்கிறாள்.

அதே வருஷம் நான் தேறினேன். எங்கள் அணிதான் கடைசி அணி. மாலைநேரத் திட்டத்தையே மறுபரிசீலனை செய்கிறார்கள் என்று சொல்லி, விழுப்புரத்திலும் புதிதாகச் சேர்க்கவில்லை. விரிவுரையாளர் புதுச்சேரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரிக்குப் போய்விட்டார். போவதற்கு முன் என்னிடம் அவளைப் பற்றிக் கேட்டார். தொலைநிலையில் சேர்ந்து படிக்கச் சொல்லுங்கள், விட்டுவிட வேண்டாம் என்றார்.

நான் போய்ச் சொன்னேன். விண்ணப்பத்தையும் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அவள் வீட்டு வாசலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரே அறை, அதில் அவள் இரண்டு பிள்ளைகள், கணவர், படுத்த படுக்கையான மாமனார். அவள் விண்ணப்பத்தை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"புஸ்தகத்த வீட்டுக்கு அனுப்புவாங்க. வீட்ல எங்க உக்காந்து படிக்கறது அக்கா? எனக்குப் புஸ்தகம் பத்தாது. நாலு பேரு இருக்கணும், சார் இருக்கணும், நான் கேக்கணும், அவரு சொல்லணும். அப்பதான் எனக்கு மண்டைல ஏறும்."

என் பள்ளியில் வந்து படிக்கலாமே, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இருக்கிறேனே என்றேன். அதற்கு அவள், அந்த வேலைக்கு வயசு போன மாசத்தோடு முடிஞ்சிபோச்சி என்றாள். எழுந்து போய் அடுப்பில் இருந்ததைக் கிளறினாள். நான் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பட்டச் சான்றிதழ் எனக்குத் தபாலில் வந்தது. பள்ளியில் பாராட்டினார்கள். பாராட்டிய கையோடு, டிகிரி முடித்தவங்க என்று சொல்லி, தலைமையாசிரியர் இன்னும் இரண்டு ஆன்லைன் பதிவு வேலைகளை என்னிடம் தந்தார். மற்றபடி முட்டை எண்ணுவதும் அரிசி அளப்பதும் அப்படியே இருக்கின்றன. எனக்கு அந்தப் படிப்பில் கிடைத்தது நிறைய. செய்தித்தாளை வேறு மாதிரிப் படிக்கிறேன். மகளிடம் பயமில்லாமல் பேசுகிறேன். ஆனால் அது கிடைக்காமல் போயிருந்தால் என் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் குறைந்திருக்காது. குறைந்தது யாருக்கோ, கிடைத்தது யாருக்கோ. மையம் எங்கே இருக்க வேண்டும் என்பதை யாரைப் பார்த்து முடிவுசெய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை யாரையும் பார்க்கவில்லையோ என்னவோ.

நாங்கள் சந்திப்பது குறைந்துபோனது. சண்டை ஒன்றும் இல்லை. பஸ்ஸில் பார்த்தால் பக்கத்தில் உட்காருவாள், பிள்ளைகளைப் பற்றிப் பேசுவாள். படிப்பு என்ற பேச்சை இருவருமே எடுப்பதில்லை. வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது. என் கணவர் சில சமயம், "அந்தப் பொண்ணு வர்றதேயில்லியே," என்று கேட்பார்.

பிறகு எழுத்தறியாத பெரியவர்களுக்காக ஒரு புதுத் திட்டம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களைக் கணக்கெடுத்து, அந்தந்தத் தெருவில் படித்த ஒருவரைத் தன்னார்வலராகப் பிடித்து வகுப்பு நடத்தச் சொன்னார்கள். சம்பளம் இல்லை, சேவைதான். எங்கள் பள்ளிக்கு உட்பட்ட பகுதியில் காலனிக்கு யார் என்று கேட்டபோது அங்கே எல்லாரும் சொன்ன பெயர் அவளுடையது. அவள் மறுப்பாள் என்று நினைத்தேன். ஒத்துக்கொண்டாள். வேலை முடிந்து வந்து, மாதா கோயில் முன்கூடத்தில் செங்கல் அறுக்கப் போகிற பெண்களையும் களை எடுக்கப் போகிற பெண்களையும் உட்காரவைத்து அ, ஆ சொல்லிக்கொடுத்தாள். நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். தூங்கி விழுந்தவர்களை அவள் எழுப்பவில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளியில் அவர்களுக்குத் தேர்வு. அறையைத் திறந்துவிட நான் போயிருந்தேன். பெண்கள் குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். திண்டிவனத்தில் இருந்ததைப்போலவே சின்ன பெஞ்சுகள், அதேபோல ஒருக்களித்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள். எழுத எழுத நெற்றியில் வியர்வை. ஒரு பெண், சின்ன வயதிலிருந்தே கதிர் அறுத்துப் பழகியவள், தன் பெயரை எழுதிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என் சிநேகிதியின் ஒன்றுவிட்ட அக்கா.

தேர்வு முடிந்து தாளைக் கொடுக்கும்போது அந்தப் பெண் கேட்டாள். "இதுக்கு மேல இன்னா படிக்கலாம்?"

என் சிநேகிதி தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குவதை நிறுத்தி அவளைப் பார்த்தாள். என்னையும் ஒருமுறை பார்த்தாள். எங்கள் பக்கத்தில் அடுத்தகட்ட வகுப்புக்கு எந்தத் திட்டத்திலும் இடம் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

"இப்போதைக்கு இதோட சரி அக்கா. சாயங்காலம் வந்துக்கினு இரு, நான் எனக்குத் தெரிஞ்சத சொல்லித் தர்றேன்," என்றாள்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, ஆட்டை அவிழ்த்து ஓட்ட வேண்டும் என்று சொல்லிக் கிளம்பினாள். நாங்கள் இருவரும் ஜன்னல்களைச் சாத்தினோம். நான் அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தவை நிறைய இருந்தன. அவளே பேசினாள். மறுநாள் இரும்பை என்கிற ஊர்ப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கூரை போடுகிறார்களாம், விடிவதற்குள் கிளம்ப வேண்டுமாம். தாள்களை என்னிடம் கொடுத்துவிட்டு, வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு காலனிப் பக்கமாக நடந்தாள்.